மடியில் கனம்

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். காசு பணம் வைத்திருந்தவன் சொன்ன பழமொழியாகத்தான் இருக்க வேண்டும். மடியில் ஒரு செப்புக்காசும் இல்லாமல் வழி நெடுகப் பயந்து நடந்த சனங்கள் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நாளைக்கு முன் சட்ட மாணவர்கள் சிலரோடு உட்கார்ந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளைப் படித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் விதி. வன்கொடுமை நடக்கக்கூடும் என்று கண்டறியப்பட்ட பகுதியில், தேவையென்று பட்டால் மற்ற சாதியாரின் துப்பாக்கி உரிமங்களை அரசு ரத்து செய்யலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்கலாம். அந்த வரி வந்ததும் பின்னால் இருந்த தம்பி ஒருத்தன் கேட்டான்: "குடுக்கறாங்கன்னே வச்சிக்குவோம். வாங்கி எங்கண்ணே வச்சிக்கிறது? இடுப்புலயா, பொட்டியிலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. இதையே நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிற சனம் ஒன்று உண்டு. அமெரிக்கக் கறுப்பர்கள். வாங்கலாமா, எதை வாங்குவது, உடம்பில் எங்கே வைப்பது, வைத்தபின் தெருவில் எப்படி நடப்பது என்பதெல்லாம் அவர்கள் வரலாற்றில் கடைக்காரனிடம் கேட்கிற கேள்விகள் இல்லை.

முதலில் கடையைப் பார்த்துவிடுவோம். அங்கே இன்று முதல் தடவையாகக் கைத்துப்பாக்கி வாங்கி உடம்பில் மறைத்து வைத்துக்கொள்ள நினைக்கிற ஒருவருக்குக் கிடைக்கிற உபதேசம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். சின்னத் துப்பாக்கி மறைக்க வசதி, ஆனால் சுடும்போது கையை உதைக்கும், குறி தவறும், பயிற்சி எடுக்கவே மனசு வராது. பெரியது சுட வசதி, சட்டைக்குள் அடங்காது. ஐந்து தோட்டா கொள்கிற குட்டை ரிவால்வர் பார்க்க எளிது, விசையை இழுக்க விரலில் பலம் வேண்டும். பெரும்பாலோர் 9 மில்லிமீட்டர் தோட்டா போடுகிற, தட்டையான, நடுத்தர அளவு பிஸ்டலில் வந்து நிற்கிறார்கள். கைக்குப் பொருந்துகிறதா பார், வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார், அப்புறம் காசைக் கொடு என்பார்கள்.

துப்பாக்கியைவிட உறையில்தான் சங்கதி இருக்கிறது. விசைப் பகுதி முழுக்க மூடியிருக்க வேண்டும். விரலோ சட்டை நுனியோ உள்ளே போகக் கூடாது. ஓடினாலும் குனிந்தாலும் துப்பாக்கி நழுவக் கூடாது. துப்பாக்கியை எடுத்தபின் உறையின் வாய் சுருங்கிக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் திரும்பச் செருகும்போது தன் தொடையிலேயே சுட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. தோல் உறை உடம்புக்கு இதம், நாள்பட்டால் தளரும். கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் தளராது, இடுப்பைக் கடிக்கும். கால்சட்டைக்கு உள்பக்கம் செருகுகிற உறை என்றால் கனம் தாங்குகிற பெல்ட் வேண்டும், கால்சட்டையே ஒரு சுற்றுப் பெரிதாக வாங்க வேண்டும். பெண்களுக்கு இன்னும் தொல்லை. அவர்கள் உடுப்பில் பெல்ட்டுக்கே இடம் இருப்பதில்லை. கைப்பையில் போட்டால், பை பறிபோகிற அன்று துப்பாக்கியும் போகும்.

இவ்வளவு பாடுபட்டும் சட்டைமேல் துப்பாக்கியின் வடிவம் புடைத்துத் தெரிந்தால் அதற்கு 'பிரிண்டிங்' என்று பேர். அச்சு விழுவது. வெள்ளைக்காரர் ஒருவருக்கு அச்சு விழுந்தால் அநேகமாகக் கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான். கறுப்பருக்கு அப்படி இல்லை.

நியூயார்க் போலீஸ் தெருவில் ஆளை நிறுத்தினால் ஒரு படிவம் நிரப்பும். ஏன் நிறுத்தினோம் என்பதற்குக் கட்டங்கள் போட்டிருக்கும். அப்போதெல்லாம் அதில் ஒரு கட்டம் 'சந்தேகத்துக்குரிய புடைப்பு'. பேனாவால் ஒரு கோடு இழுத்தால் முடிந்தது. 2011-ஆம் ஆண்டு மட்டும் 6,85,000 தடவைக்கு மேல் ஆட்களை நிறுத்தினார்கள். 2013-இல் ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று இந்தப் பழக்கம் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னபோது கணக்கு வெளியே வந்தது. 2004 முதல் 2012 வரை 44 லட்சம் நிறுத்தல்கள். நிறுத்தப்பட்டவர்களில் 100-க்கு 52 பேர் கறுப்பர், 31 பேர் லத்தீன் அமெரிக்க வழியினர். 23 லட்சம் தடவை உடம்பைத் தடவிப் பார்த்ததில் ஆயுதம் கிடைத்தது 100-க்கு 1.5. மற்றவர்கள் மடியில் இருந்ததெல்லாம் மணிபர்ஸும் செல்போனும் சாவிக்கொத்தும்தானே? இல்லாத துப்பாக்கிக்கும் அவர்கள் உடம்பில் அச்சு விழுந்தது.

தடவிப் பார்க்கிற இந்த அதிகாரம் போலீசுக்கு வந்த கதையும் ஒரு கறுப்பர் உடம்பில் இருந்துதான் தொடங்குகிறது. 1963-இல் கிளீவ்லேண்டில் ஜான் டெர்ரி என்பவரின் மேல்கோட்டை ஒரு துப்பறிவாளர் தடவிப் பார்த்து உள்பையில் பிஸ்டலைக் கண்டுபிடித்தார். மறைத்து ஆயுதம் வைத்திருந்ததாக வழக்கு. 1968-இல் உச்ச நீதிமன்றம், அதிகாரிக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் போதும், தடவலாம் என்றது. டெர்ரி கறுப்பர் என்று அந்தத் தீர்ப்பில் எங்கும் இல்லை. அதைச் சொல்லாமலே நாற்பது ஐம்பது வருஷம் அந்தத் தீர்ப்பு வேலை செய்தது.

இன்னும் பின்னால் போக வேண்டும். 1857-இல், டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில், கறுப்பர் குடிமக்களே அல்ல என்று தலைமை நீதிபதி டேனி எழுதினார். குடிமக்கள் என்று ஒத்துக்கொண்டால் என்னென்ன உரிமையெல்லாம் தரவேண்டியிருக்கும் என்று பதறிப்போய் ஒரு பட்டியல் போட்டார். போன இடத்துக்கெல்லாம் ஆயுதம் கொண்டுபோகும் உரிமை அதில் ஒன்று. எதிரி எதைக் கண்டு பயந்தான் என்று தெரிந்துகொள்ள அவன் தீர்ப்பைப் படித்தால் போதும்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்த 1865-ஆம் வருஷமே மிசிசிப்பி மாநிலம் 'கறுப்பர் சட்டம்' கொண்டுவந்தது. ராணுவத்தில் இல்லாத, உள்ளூர் வாரியத்தின் உரிமம் பெறாத கறுப்பர் யாரும் துப்பாக்கியோ தோட்டாவோ குத்துவாளோ வைத்திருக்கக் கூடாது. பிடிபட்டால் 10 டாலர் வரை அபராதம், பறித்த ஆயுதம் காட்டிக்கொடுத்தவனுக்கு. கடைசியில் உள்ள அந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். அக்கம்பக்கத்து வெள்ளையன் ஒவ்வொருவனையும் சம்பளமில்லாத போலீசாக்குகிற வேலை.

1868-இல் பதினான்காவது திருத்தம் வந்தபின் சட்டத்தில் 'கறுப்பர்' என்று எழுத முடியவில்லை. எழுதாமலே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1879-இல் டென்னசி மாநிலம் பையிலும் இடுப்பிலும் வைக்கிற பிஸ்டல்களின் விற்பனையைத் தடைசெய்தது. தரைப்படையும் கடற்படையும் பயன்படுத்துகிற கனத்த ரிவால்வருக்கு மட்டும் விலக்கு. பார்த்தால் எல்லாருக்கும் பொதுவான சட்டம். அந்தப் பெரிய துப்பாக்கியின் விலை கூலிக்காரனுக்கு எட்டாது. தோற்றுப்போன தெற்கத்திப் படைக்காரர்கள் பலரிடம் அது ஏற்கெனவே இருந்தது. 1881-இல் ஆர்கன்சா அதையே எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு படி போனது. படைத்துப்பாக்கியை வெளியே கொண்டுபோனால் உறையில்லாமல், மூடாமல், கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். துப்பாக்கியைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு கறுப்பர் கடைத்தெருவில் நடந்தால் என்ன நடக்கும் என்று சட்டம் எழுதினவனுக்குத் தெரியாதா? இன்றைக்கு எந்த அளவு, என்ன விலை, எந்த உறை என்று கடையில் கேட்கிற மூன்று கேள்விக்கும் அன்றைக்குச் சட்டமே பதில் எழுதி வைத்திருந்தது.

ஃப்ளோரிடாவில் 1893-இல் வின்செஸ்டர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும் என்று ஒரு சட்டம். 1941-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்து நீதிபதி ஒருவரே உடைத்து எழுதிவிட்டார்: கறுப்புக் கூலிகளிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கத்தான் இது வந்தது, வெள்ளையர்மேல் பிரயோகிக்க இது உத்தேசிக்கப்படவே இல்லை என்று. ஐம்பது வருஷம் கழித்து வந்த உண்மை.

சட்டம் இப்படி இருக்க, சனங்கள் என்ன செய்தார்கள்? 1892 மார்ச்சில் மெம்ஃபிஸ் நகரில் மளிகைக்கடை வைத்திருந்த மூன்று கறுப்பர்களைச் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். வெள்ளையன் கடைக்குப் போட்டியாகக் கடை நடத்தினதுதான் அடிப்படைக் குற்றம். செத்தவர்களில் தாமஸ் மோஸ், பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸின் நெருங்கிய சிநேகிதர். ஐடா உடனே ஒரு பிஸ்டல் வாங்கினார். தன்னை வந்து தாக்கினால் ஒருத்தனையாவது கூட்டிக்கொண்டு போவது என்ற முடிவு. அந்த மே மாதமே அவருடைய பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள். அவர் வெளியூரில் இருந்ததால் தப்பினார். பிஸ்டல் அவரைக் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. அதை வைத்துக்கொண்டு அவர் எழுதியதை உலகம் படித்தது.

மார்ட்டின் லூதர் கிங்கை நமக்குக் காந்தியின் சீடராக மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 1956 ஜனவரி 30 இரவு, மாண்ட்கமெரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது, அவர் வீட்டில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் பத்து வாரக் கைக்குழந்தையும். ஆயுதத்தோடு கூடின சனத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார் கிங். பிறகு அவரே, கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் கேட்டு மனுப் போட்டார். உரிமம் தருவது உள்ளூர் அதிகாரியின் விருப்பம். 'தகுதியான ஆள்' என்று அவருக்குத் தோன்ற வேண்டும். தோன்றவில்லை. மனு தள்ளுபடி. வீட்டில் குண்டு விழுந்த ஒரு பாதிரியாருக்கே ஆபத்து இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கும்? கலெக்டர் ஆபீசில் எந்த மனுவோடாவது நின்றவர்களுக்கு இது புதிதாக இராது. அந்த நாளில் கிங் வீட்டுக்குப் போன பேயார்ட் ரஸ்டின், கூட வந்த பத்திரிகையாளர் நாற்காலியில் உட்காரப்போனபோது கத்தினாராம். நாற்காலியில் பிஸ்டல் கிடந்தது. உறை இல்லை, ஒன்றுமில்லை. விருந்தாளி உட்காருகிற இடத்தில். பயந்துபோன வீட்டில் துப்பாக்கி இப்படித்தான் கிடக்கும். பின்னால் கிங் துப்பாக்கிகளை விட்டொழித்தார். கொள்கையாகத்தான் விட்டார். ஆனால் அரசு முதலில் மறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் சிறுத்தைகளின் பேருக்கு மூலமான கருஞ்சிறுத்தைகள் மறைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் அன்று வெளிப்படையாகக் கொண்டுபோகச் சட்டத்தில் தடையில்லை. 1967 மே 2 அன்று துப்பாக்கிகளோடு சாக்ரமென்டோ சட்டமன்றத்துக்குள் போனார்கள். அவர்களைக் குறிவைத்து ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்த மல்ஃபோர்ட் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறியது; கையெழுத்துப் போட்டவர் கவர்னர் ரீகன். தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வெளியே காட்டினால் குற்றம். ஆர்கன்சாவில் மறைத்தால் குற்றம், கலிஃபோர்னியாவில் காட்டினால் குற்றம்.

2010-இல் ஒரு மாற்றம். சிகாகோவில் கைத்துப்பாக்கிக்கு 1982-இலிருந்து தடை. ஓட்டிஸ் மெக்டொனால்ட் என்கிற எழுபது வயது தாண்டிய கறுப்பர், லூசியானா குத்தகை விவசாயிகளின் மகன், வழக்குப் போட்டார். வீட்டில் பலமுறை திருட்டு. அவரிடம் வேட்டைத் துப்பாக்கி இருந்தது. இருட்டில் படுக்கையிலிருந்து எழுகிற கிழவனுக்கு அந்த நீளம் உதவாது, கைக்கு அடக்கமாக ஒன்று வேண்டும் என்பது அவர் கட்சி. உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2022-இல் நியூயார்க்கின் 'தகுந்த காரணம் காட்டு' என்ற நூறாண்டு நிபந்தனையும் விழுந்தது. அந்த வழக்கில் துப்பாக்கிப் பிரியர்களோடு சேர்ந்து நின்றவர்கள் பிராங்க்ஸ் பகுதி ஏழைகளுக்கு வாதாடுகிற இலவச வக்கீல்கள். உரிமம் கிடைக்காததால் குற்றவாளியாகிச் சிறைக்குப் போகிறவர்கள் எங்கள் கட்சிக்காரர்கள்தான், பெரும்பாலும் கறுப்பரும் லத்தீன்காரரும் என்று எழுதிக்கொடுத்தார்கள். முற்போக்கு நண்பர்கள் பலருக்கு இது கசந்தது. எனக்குமே துப்பாக்கி பெருகுவது நல்லதென்று தோன்றவில்லை. அந்த நாட்டில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தன்னைத்தானே சுட்டுக்கொள்வது. ஆனாலும் அந்த வக்கீல்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, உரிமம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்பவருக்குக் கிடைத்திருந்தது. வயது 32, பள்ளிக்கூடச் சாப்பாட்டறை மேற்பார்வையாளர். போலீஸ் அவர் காரை முன்பே நாற்பது தடவைக்கு மேல் நிறுத்தியிருக்கிறது. 2016 ஜூலை 6 இரவு மறுபடியும் நிறுத்தியது. பின்விளக்கு எரியவில்லை என்றார்கள். திருடன் ஒருவனின் சாடை தெரிகிறது என்று வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பயிற்சி வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பார்களோ அதைத்தான் அவர் செய்தார். ஐயா, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாக முன்கூட்டியே சொன்னார். அதை எடுக்கவில்லை என்றும் சொன்னார். ஏழு தடவை சுட்டார்கள். பின்சீட்டில் நாலு வயதுக் குழந்தை. துப்பாக்கி அவர் கால்சட்டைப் பையிலேயே இருந்தது. துப்பாக்கிக்காரர்களின் பெரிய சங்கம் அவர் பெயரைச் சொல்லாமல் ஓர் அறிக்கை விட்டது. 2017 ஜூனில் சுட்டவர் விடுதலை.

அவருடைய அக்கா தங்கை உறவில் ஒருத்தியும் உரிமம் வைத்திருந்தவள். அவர் சாவதற்கு முன் அன்றைக்கே இருவரும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பிறகு தாயார் தொலைக்காட்சியில் சொன்னார்: எனக்கு அதை எடுத்துக்கொண்டு போகவே பிடிக்கவில்லை, முதலில் சுட்டுவிட்டு அப்புறம்தான் விசாரிப்பார்கள் என்று மகள் சொன்னாளாம்.