நார்தர்ன் பிளாட்டுக்கு ஓர் அஞ்சலி

ஆர்.என்.ஏ.வைக் கறுப்புப் பட்டையாக நம் கண்முன் நிறுத்திய நார்தர்ன் பிளாட், பெரும்பாலான ஆய்வகங்களில் இருந்து சத்தமில்லாமல் விடைபெற்றுவிட்டது. அதனோடு இரவுகளைக் கழித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கூடி அமர்ந்து துக்கம் கேட்கத்தான் வாய்க்கவில்லை.

டி.என்.ஏ.வுக்காக எட்வின் சதர்ன் 1975-இல் வெளியிட்ட முறைக்குத் தம்பியாக, 1977-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆல்வைன், கெம்ப், ஸ்டார்க் என்ற மூவரின் கையில் அது பிறந்தது. ஆர்.என்.ஏ.வை ஜெல்லில் நீளவாரியாகப் பிரியவிட்டு, மேலே சவ்வை விரித்து, காகிதத் துவாலைகளை அடுக்கி, உச்சியில் ஒரு கனத்தை ஏற்றிவிட்டுப் போனால், விடிவதற்குள் உப்புக் கரைசல் மேலேறி ஆர்.என்.ஏ.வைச் சவ்வில் சேர்த்திருக்கும். பிறகு கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய துணுக்கை அதில் ஒட்டவிட்டு, எக்ஸ்ரே ஃபிலிமோடு உறைகுளிரில் வைத்துக் காத்திருந்து, இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில் ஃபிலிமைக் கழுவும்போது அந்தப் பட்டை மெல்லத் துலங்கும். விரல் பட்டாலே சிதையக்கூடிய பொருளை அத்தனை தூரம் பத்திரமாகக் கொண்டுசேர்த்த பொறுமை அதனுடையது.

புரதம் ஆகாத ஆர்.என்.ஏ.க்களை உலகம் நம்பியதில் அதன் பங்கு பெரிது. 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸின் ஆய்வகத்தில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் புழுவின் லின்-4 மரபணுவைத் தேடியபோது, 22 எழுத்தில் ஒன்றும் 61 எழுத்தில் ஒன்றுமாக இரண்டு சின்ன ஆர்.என்.ஏ.க்கள் நார்தர்னில் தெரிந்தன, அந்தப் பாதைதான் 2024-இல் ஆம்ப்ரோஸையும் கேரி ருவ்குனையும் நோபல் பரிசு வரை கொண்டுபோனது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர்பெற்ற இத்தகைய சின்ன ஆர்.என்.ஏ.க்களுக்கும் புற்றுக்கும் உள்ள உறவை 2002-இல் ஒருவகை ரத்தப் புற்றில் முதலில் எடுத்துக்காட்டியவர்களுக்கும் இதுவே சாட்சி சொன்னது.

அந்தத் தேடல் வாய், நாக்கு, தொண்டை, குரல்வளைப் புற்றுகளுக்கு வந்தபோதுதான் பெரியவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நோயாளியின் நாக்கில் இருந்து கிள்ளி எடுக்கும் சதை கடுகளவு. அதிலும் பெரும்பகுதி ஃபார்மலினில் ஊறி மெழுகில் புதைந்து, ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிக் கிடக்கும். ஒரு தடத்துக்கே பத்து மைக்ரோகிராம் வரை கேட்ட நார்தர்ன் அங்கே என்ன செய்யும்? நானோகிராமிலேயே வேலையை முடிக்கும் பி.சி.ஆர். வந்தது, பிறகு வரிசைப்படுத்தும் இயந்திரங்கள் வந்தன. இந்தக் கட்டிகளில் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறி, செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் மரபணுக்களை அடக்குவதையும், மிர்-375 வற்றிப்போவதையும், ஹோட்டேர் போன்ற நீண்ட ஆர்.என்.ஏ.க்கள் மிகுவதையும் நூற்றுக்கணக்கான நோயாளிகளில் காட்டியது அந்தப் பிள்ளைகள்தான். நோயாளிக்கு அதுவே நல்லது; அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை.

ஆனாலும் இழப்பு இழப்புதான். எவ்வளவு இருக்கிறது என்று புதிய கருவிகள் சொல்லும் எண்ணை நாம் நம்ப வேண்டியிருக்கிறது. நார்தர்னோ அது எத்தனை நீளம், முன்வடிவமா முதிர்ந்ததா, முழுசா உடைந்ததா என்று ஒரே தாளில் விரித்துவைத்தது. ஒன்றும் இல்லாத இடத்தில் வெறும் தாளையே நீட்டிய அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். புதிதாக ஒரு வட்ட ஆர்.என்.ஏ.வைக் கண்டதாக யாராவது சொன்னால் “நார்தர்ன் எங்கே?” என்று கேட்கும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், செய்துகாட்டும் கைகள்தான் அருகிவிட்டன.