இடைக் கத்தி: கருவியும் ஆயுதமும்

மனிதன் ஆக்கிய கருவிகளுள் கத்தியைப் போல் இரு முகம் கொண்டது பிறிதொன்றில்லை. பாக்கைச் சீவுவதும் அதுவே; பகைவனைச் சாய்ப்பதும் அதுவே. ஆதலினால், நாள்தோறும் இடையிற் செருகிச் செல்லத்தக்க கத்தி எத்தகையது என்னும் வினா, பார்வைக்குச் சிறிதாயினும், தொழில், சமயம், சட்டம், அயலாரோடு வாழும் முறைமை ஆகிய அனைத்தையும் தொட்டுச் செல்கின்றது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என ஒருபால் கடலும் மறுபால் வயலுமாக அமைந்த கிழக்கிலங்கை ஊர்களின் வரலாற்றோடு வைத்து இவ்வினாவை ஆராய்தல் பயனுடைத்து.

முதற்கண் நோக்கற்பாலது இரும்பு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அரபு மெய்யியலாளர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீபின் உருக்கைக் குறிப்பிடுகின்றார். சரந்தீப் என்பது அராபியர் இலங்கைக்கு இட்ட பெயர். பலாங்கொடைக்கு அண்மையில் உள்ள சமனலவெவப் பகுதியில் ஜில் ஜூலெவ் என்னும் ஆங்கிலத் தொல்லியலாளர் அகழ்ந்து கண்ட உலைகள் இக்கூற்றோடு ஒப்புநோக்கத்தக்கவை. அவை ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையில் இயங்கியவை. துருத்தி கொண்டு ஊதாமல், மலைச்சரிவில் மோதும் தென்மேற்குப் பருவக்காற்றின் வலியினாலேயே அவற்றில் இரும்பு உருக்கப்பட்டது. அவ்வாறு உயர்தர உருக்கைப் பெற இயலும் என்பதைச் செய்து பார்த்து நிறுவிய அவ்வம்மையார், 1996ஆம் ஆண்டில் தம் முடிபுகளை வெளியிட்டார். நல்ல கத்திக்கு வேண்டிய உருக்கு இத்தீவுக்கு அயல்நாட்டுச் சரக்கன்று என்பது இதனால் தெளிவாகும்.

இரும்பு கத்தியாக மாறும் இடம் கொல்லன் உலைக்களம். 1660ஆம் ஆண்டில் திருகோணமலையை அடுத்த கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து தப்பியோடிய றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் கொல்லரின் நிலையை வேடிக்கையுறச் சித்திரிக்கின்றார். கொல்லர் தமது சிறு இருக்கையில் வீற்றிருப்பார். கையில் ஒரு சிறு சுத்தியல் மட்டுமே. கத்தி வேண்டி வந்தவரே துருத்தி ஊதவேண்டும். அவரே சம்மட்டி ஓங்கி அடிக்கவேண்டும். அவரே கல்லில் தேய்த்து அலகைச் சீர்செய்யவேண்டும். இறுதியில் கொல்லர் அரத்தால் ஒரு முறை இழைத்து வேலையை முடிப்பார். நொக்ஸ் இதனைச் செருக்கென்று கருதினார் போலும். ஆயினும் இம்முறையால் விளைந்த நன்மையும் ஒன்றுண்டு: தன் கத்தியின் பிறப்பைக் கண்ணாற் கண்டவனுக்கு அதன் வலியும் குறையும் பிறர் சொல்லி அறியவேண்டியனவல்ல.

காட்டில் வாழ்ந்த வேடர் கொல்லரிடம் பேசுவதுமில்லை. இரவிலே வந்து இறைச்சியைப் பட்டறையில் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பலகின் வடிவத்தில் வெட்டிய இலையொன்றையும் வைத்துச் செல்வர் என்றும், கொல்லன் அவ்வண்ணமே செய்து வைப்பான் என்றும் நொக்ஸ் எழுதுகின்றார். அளவையும் வடிவையும் முன்னரே தீர்மானித்துக்கொண்டு கொல்லனை நாடுதல் வேண்டும் என்பதற்கு இவ்விலையினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அக்காலத்துப் பெருமக்கள் தரித்த கத்தி வேறு வகையினது. செதுக்கு வேலையும் வெள்ளி வேலையும் அமைந்த பிடியுடைய கத்தியை அவர்கள் மார்புப் பக்கத்தே ஆடையிற் செருகியிருந்தனர் என்று நொக்ஸ் கூறுகின்றார். சிங்களத்தில் ‘பிஹா கேத்த’ என வழங்கும் இக்கத்திகள் இன்று பல நாட்டு அரும்பொருட்சாலைகளில் உள்ளன. சிலவற்றின் உறையில் ஓலையில் எழுதும் எழுத்தாணியும் இணைந்திருக்கும். தமிழ்க் கணக்கரிடத்தும் மடக்கெழுத்தாணி இருந்தது; ஒரு முனை எழுத, மறுமுனை ஓலையைச் சீவ. எழுத்தும் கத்தியும் ஒரே உறையில் உறங்கிய காலம் அது.

இனி, கிழக்குக் கரையின் எளிய மனிதனை நோக்குவோம். 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்தான். ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாறு. கரையில் ஏற்கெனவே வாழ்ந்தவரோடு கலந்த இம்மக்கள் நெல் விளைத்தனர், மீன் பிடித்தனர், தவளம் என்னும் பொதிமாட்டு வரிசைகளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைநாட்டுக்குச் சென்று பாக்கு முதலியவற்றோடு மீண்டனர். கண்டி அரசில் போக்குவரத்தைக் கவனித்த ‘மடிகே பத்த’ என்னும் பகுதியிலும் முஸ்லிம்கள் பணிபுரிந்தனர்.

பொதிமாட்டோடு நடப்பவனுக்கும், தோணி தள்ளுபவனுக்கும், வரம்பில் நிற்பவனுக்கும் வேண்டிய கத்தி யாது? கயிறு அறுத்தல், சாக்கின் தையல் பிரித்தல், சிக்கிய வலைக்கண்ணை நீக்கல், கம்பு சீவல், பாக்கு நறுக்கல் ஆகியவையே அதன் பணிகள். இவற்றுள் எதற்கும் நெடிய அலகு வேண்டுவதில்லை. நான்கு விரல் அகலத்துக்குச் சமமான நீளமே போதும். குனிந்தாலும் தாவினாலும் அது உடலை உறுத்தாது. பெருவிரலை வைத்து அழுத்துவதற்கு ஏற்றவாறு அலகின் முதுகு தடித்திருத்தல் நன்று. அலகின் காம்பு பிடியினுள் ஆழப் புகுந்திராவிடின், வேலையின் நடுவே பிடி ஒருபுறம் அலகு ஒருபுறமாகும். எருமைக் கொம்போ வைரம் பாய்ந்த மரமோ பிடிக்கு ஏற்றது. நனைந்த கையில் வழுக்காமை அதன் முதற்குணம். கத்தி தானாக நழுவாதபடி இறுகிய தோலுறையும் இன்றியமையாதது. உறையில்லாக் கத்தி உடையவனையே முதலிற் காயப்படுத்தும்.

தோய்ச்சலின் நுட்பமும் அறியத்தக்கது. பழுக்கக் காய்ச்சிய அலகை நீரில் தோய்த்தால் அது கண்ணாடி போல் கடினமாகும். ஆனால் எளிதில் சிதறும். மீண்டும் இளஞ்சூட்டில் வைத்து எடுத்தால் சிறிது தளர்ந்து உறுதி பெறும். மிகக் கடினமான அலகைத் தீட்டுவது அரிது. மிக மென்மையானது மடங்கும். இரண்டுக்கும் நடுவண் நிற்பதே நல்லது. உப்புக் காற்று வீசும் கரையில் துரு மற்றொரு பகை. துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசுதலே அதற்கு எளிய மருந்து. 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி துருவேறா உருக்கை உருவாக்கினார். எனினும் தீட்டுவதற்கு எளிதென்று பழைய உருக்கையே விரும்புவோர் இன்றும் உளர்.

மடித்து வைக்கும் வில்லுக்கத்தி பையிலே அடங்குவது. எழுதுவோருக்கும் பயணிகளுக்கும் ஏற்றது. ஆயின் கடற்கரை மணலும் மீன்செதிலும் அதன் மூட்டினுள் புகும். மூட்டுத் தளர்ந்தால் அலகு விரலின்மேல் மடியும். அசையாத அலகுடைய சிறு கத்திக்கு இவ்விடர் இல்லை; கழுவித் துடைத்தால் போதும்.

கூர்மையைப் பற்றி இஸ்லாமியர் ஒரு நெறியைப் போற்றுகின்றனர். பிராணியை அறுப்பவர் கத்தியை நன்கு தீட்டிக்கொள்ளவேண்டும், அதற்கு வீண் துன்பம் தரலாகாது என்பது நபிகள் நாயகத்தின் போதனை. கத்தியைக் கூராக வைத்திருத்தல் இரக்கத்தின் பாற்பட்டது என்னும் இக்கருத்து ஆழ்ந்து எண்ணத்தக்கது. மழுங்கிய கத்தியே மிகுந்த வலியை ஏவுகின்றது. மிகுந்த விசையை வேண்டுவதால் வழுக்கிக் கையையும் வெட்டுகின்றது.

இவ்வளவும் கருவியாகிய கத்தியைப் பற்றியன. ஆயுதமாகிய கத்தியின் கதை வேறு. மலபாரில் நிலவுடைமைப் பூசல்களும் கலகங்களும் மிகுந்த காலத்தில், ஆங்கிலேயர் 1854ஆம் ஆண்டில் மாப்பிளைமாரின் போர்க்கத்திகளைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றினர். கலெக்டர் கொனொலி ஊர்தோறும் சென்று கத்திகளைத் திரட்டினார். 1855 சனவரி இறுதிக்குள் 7561 கத்திகள் சேர்ந்தன. எனினும் அதே ஆண்டு செப்டெம்பரில் கொனொலி தம் இல்லத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கத்தியைப் பறித்த அரசு, கத்தி எடுக்கத் தூண்டிய குறைகளைத் தீர்த்திலது, கலகங்களும் ஓயவில்லை. மலபாருக்கு அணித்தான குடகிலோ, அதே ஆங்கிலேயர் குடகரை ஆயுதச் சட்டத்தினின்று விலக்கினர். இடைப்பட்டில் செருகிய ‘பீச்சங்கத்தி’ அவர்தம் மணக்கோலத்தின் அணியாக இன்றும் விளங்குகின்றது. ஒரே ஆட்சியின்கீழ், ஓரினத்தார் கையில் குற்றமான கத்தி மற்றோரினத்தார் இடையில் பெருமையாயிற்று. இருசாராரின் இரும்பும் ஒன்றே. ஆள்வோரின் நம்பிக்கையே வேறுபட்டது.

கிழக்கிலங்கையும் இவ்வினாவிலிருந்து தப்பவில்லை. 2009இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரின் நெடிய ஆண்டுகளில் சோதனைச் சாவடிகள் மலிந்திருந்தன. இடையில் கத்தியோடு செல்பவன் ஐயத்துக்கு உரியவனானான். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களின் பின், ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் சூழ்ந்தபோது மோதலும் வெடிப்புகளும் நிகழ்ந்து, குழந்தைகள் உட்பட 15 பேர் மாண்டனர். மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிசார் நாட்டு மக்களைக் கேட்டனர். முறையான தொழிலுக்கு வேண்டியவை அக்கட்டளையினின்று விலக்கப்பட்டன.

அவ்விலக்கு சிறியதேயாயினும் அறிவுடையது. உழவனும் மீனவனும் கத்தியின்றி வாழ இயலாது. ஊரோ அச்சத்தோடு வாழ இயலாது. இரண்டையும் பொருத்தும் எல்லையைச் சட்டம் வகுக்குமுன் தொழிலே வகுத்து வைத்துள்ளது. வேலைக்குத் தேவையானதற்கு மேல் நீளாத அலகு, உறைக்குள் அடங்கிய கூர்மை, கொண்டு செல்லும் காரணத்தை எவர் வினவினும் தயங்காது சொல்லத்தக்க பயன் ஆகிய மூன்றும் அமைந்தது கருவி. இவற்றுள் ஒன்று குறையினும் அது ஆயுதமாகும் வழியில் நிற்கின்றது.

கல்முனைக் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஓர் ஊரின் வயலுக்கு வேண்டிய இரும்பை மற்றோர் ஊரின் உலை அடித்துத் தந்த உறவு இப்பகுதிக்குப் புதியதன்று. கத்தியைத் தெரிந்தெடுப்பவன் அலகையும் பிடியையும் மட்டுமே நோக்கினால் பாதியையே நோக்கினவனாவான். அதனை இடையிற் கொண்டு எவர் நடுவே நடக்கப்போகின்றான் என்பதையும் எண்ணுவானாயின், அவன் தெரிவு முழுமை பெறும்.