ஒரு நாணயமும் ஒரு மதிப்பெண்ணும்

குறளும் சிலம்பும் பேசும் கட்டுரைகளுக்கு நடுவே பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று நம் சங்கத்துப் பெரியோர் சிலர் வினவக்கூடும். நம் காலனியில் மாலை மங்கியும் மைதானத்தை விட்டு வராத பிள்ளைகளும் உண்டு. பரீட்சைக்காக நள்ளிரவிலும் விளக்கணையாத வீடுகளும் உண்டு. ஆட்டமும் பரீட்சையும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட வரலாறு ஒன்று, அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தில் 1988ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அதனையே இங்கு எழுதத் துணிந்தோம்.

அந்நாட்டில் புட்பால் எனப்படுவது நாம் அறிந்த கால்பந்தன்று. இருமுனையும் கூராய் நீண்ட பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர், எறிவர். எதிரணியார் மேலே பாய்ந்து வீழ்த்துவர். நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜமேனும் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரியிடம் போய்விடும். பெயரில் கால் இருப்பினும் வேலை பெரும்பாலும் கைக்கே.

டெக்சாஸில் உயர்நிலைப்பள்ளிகளின் ஆட்டங்களை நடத்துவது, அம்மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து எழுந்த ஒரு கழகமாகும். 1910இல் அது தோன்றியது பள்ளி மாணவரின் சொற்போர்ப் போட்டிக்காகத்தான் என்பதை நம் பட்டிமன்றப் பேச்சாளர்கள் அறிந்தால் மகிழ்வர். 1920 முதல் பந்தாட்டத்துக்கும் மாநிலப் பட்டம் ஏற்பட்டது. பள்ளிகளை வட்டாரங்களாகப் பிரித்து, வெள்ளிக்கிழமை இரவுதோறும் ஆடவைத்து, வட்டாரத்தில் முதலாவதாக வந்த ஒரே பள்ளியை மட்டும் அடுத்த சுற்றுகளுக்கு அனுப்புவது நெடுங்கால வழக்கம். 1982இல்தான் இரண்டாவதாக வந்த பள்ளிக்கும் இடம் கிடைத்தது. இப்போதோ பெரும்பாலான பிரிவுகளில் வட்டாரத்துக்கு நான்கு பள்ளிகள் போகின்றன. நம் கதை நடந்த காலத்தில் இடம் இரண்டே.

மேற்கு டெக்சாஸில் ஒடெஸ்ஸா என்றோர் ஊர். இரயில்வேயில் சோறு உண்ணும் நமக்கு அதன் பிறப்பு கேட்க இனியது. 1881இல் டெக்சாஸ் அண்டு பசிபிக் இரயில்வேயார் பாதை போட்டபோது, எஞ்சின் தண்ணீர் பிடிக்கவும், மாடுகளை வண்டியில் ஏற்றவும் ஏற்பட்ட நிலையமே பின்னர் ஊராயிற்று. பிறகு மண்ணெண்ணெய்க் கிணறுகள் வந்தன, பணம் வந்தது. 1986இல் எண்ணெய் விலை சரிந்து பணம் போயிற்று. தண்டவாளத்துக்குத் தெற்கே கறுப்பரும் மெக்சிகோ வழிவந்தோரும், வடக்கே வெள்ளையரும் வாழ்ந்தனர். தெற்கிலிருந்த எக்டர் உயர்நிலைப்பள்ளி, இனப்பிரிவை ஒழிக்கப் பிறந்த கோர்ட்டுத் தீர்ப்பையொட்டி 1982இல் மூடப்பட்டது. ஊரைச் சேர்க்க வேண்டிய இரயில் பாதை ஊரைப் பிரிக்கும் கோடானது நம் தொழிலுக்குப் பெருமையன்று.

இவ்வூரில் 1959இல் திறக்கப்பட்ட பெர்மியன் உயர்நிலைப்பள்ளி 1965, 1972, 1980, 1984 ஆண்டுகளில் மாநிலப் பட்டம் வென்றது. கடைசியதைப் பிறிதொரு பள்ளியுடன் பகிர்ந்துகொண்டது. பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதற்கென ஏறத்தாழ 19,000 பேர் அமரும் அரங்கம் எழுந்தது. தொலைவான ஆட்டங்களுக்குத் தனி விமானம் அமர்த்தினர். 1988இல் அங்கே தங்கிப் பார்த்து, 1990இல் நூல் வெளியிட்ட பிஸ்ஸிங்கர் என்னும் பத்திரிகையாளர் ஒரு கணக்கைக் காட்டுகிறார்: ஆட்டக்காரப் பையன்களின் மருந்துச் சாமான்களுக்குச் செலவு 6,750 டாலர், ஆங்கிலப் பாடத் துறையின் போதனைச் சாதனங்களுக்கு 5,040 டாலர். ஊரார் அந்நூலைக் கண்டு சினந்தனர். சினம் இயல்புதான், கணக்கு கணக்குத்தானே!

அந்த 1988இல் பெர்மியன் பள்ளி, இருபது மைல் தொலைவிலுள்ள மிட்லண்டின் லீ பள்ளியிடம் 22-21 என ஒரே புள்ளியில் தோற்றது. லீ பள்ளியை மிட்லண்ட் ஹைஸ்கூல் வென்றது. மிட்லண்ட் ஹைஸ்கூலைப் பெர்மியன் வென்றது. வட்டாரத்தில் மூவரும் சமம், இடமோ இரண்டு. என் செய்வது? நள்ளிரவு கடந்து, நெடுஞ்சாலை லாரி நிலையமொன்றில் மூன்று பயிற்சியாளர்களும் கூடிக் காசு சுண்டினர். இருவருக்கு ஒருபுறமும் ஒருவருக்கு மறுபுறமும் விழுந்தால் அந்த ஒருவர் வெளியே. டெலிவிஷன் அதை அப்போதே வீட்டுக்கு வீடு காட்டிற்று. பெர்மியனும் லீயும் உள்ளே. மிட்லண்ட் ஹைஸ்கூல் வெளியே.

மாதந்தோறும் குலுக்குச் சீட்டு நடத்தும் நம் தாய்மார்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது. ஆயினும் சீட்டில் விடுபட்டவருக்கு அடுத்த மாதம் உண்டு. பள்ளியின் இறுதியாண்டில் நிற்கும் பையனுக்கு அடுத்த ஆண்டு இல்லை.

பெர்மியன் பையன்கள் படிப்படியாக வென்று அரையிறுதிக்கு வந்தனர். ஆஸ்டின் நகரில், மழையில், டல்லஸ் நகரக் கார்ட்டர் பள்ளியிடம் 14-9 எனத் தோற்றனர். இங்கேதான் மதிப்பெண் கதை தொடங்குகிறது.

1984இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. ராஸ் பெரோ என்னும் பெருஞ்செல்வர் தலைமையில் அமைந்த குழு கல்வி முறையை ஆராய்ந்ததன் விளைவு அது. எப்பாடத்திலேனும் 70க்குக் குறைந்தவன் ஆறு வாரம் ஆடக்கூடாது. தேறாதவனுக்கு ஆட்டமில்லை என்று சுருக்கமாகச் சொல்வர். பெரும்பாலும் கறுப்பர் பயின்ற கார்ட்டர் பள்ளியில் ஓர் ஆட்டக்காரன் அல்ஜிப்ராவில் தேறவில்லை என ஆசிரியர் மதிப்பிட்டார். கணக்கிட்ட முறை தவறெனத் தலைமையாசிரியர் மதிப்பெண்ணை மாற்றினார். புகார் எழுந்தது. விசாரணையும் கோர்ட்டும் மாறி மாறித் தீர்ப்பளிக்க, அணி ஒரு நாள் உள்ளும் ஒரு நாள் புறமுமாக அலைந்தது. கோர்ட்டின் தடையுத்தரவைப் பற்றிக்கொண்டே ஆடி, இறுதியாட்டத்தில் கன்வர்ஸ் ஜட்சன் பள்ளியை 31-14 என வென்று பட்டமும் பெற்றனர்.

நம் மனம் அந்த ஆசிரியர் பக்கமே சாய்கிறது. மதிப்பெண் என்பது எவர் விருப்பத்துக்கும் வளைவதாயின் பரீட்சை எதற்கு? எனினும் ஒருவனுடைய தாளுக்காக அணி முழுவதும் தண்டனை ஏற்க நேர்வதை எண்ணுங்கால், கார்ட்டர் பள்ளிப் பெற்றோர் கோர்ட்டு வாயிலில் நின்றதையும் குறைகூற இயலவில்லை. தம் பிள்ளைகள் கறுப்பர் என்பதாலேயே இத்தனை துருவல் என்ற ஐயமும் அவர்களுக்கு இருந்தது.

வழக்கின் முடிவில் பட்டம் கார்ட்டரிடமிருந்து பறிக்கப்பட்டு, களத்தில் தோற்ற ஜட்சனுக்கு அளிக்கப்பட்டது. அதற்குள் 1989இல் கார்ட்டர் அணியைச் சேர்ந்த சிலர் கொள்ளைக் குற்றத்தில் சிறை புகுந்த துயரமும் நிகழ்ந்துவிட்டது. பெர்மியன் பள்ளியோ அதே ஆண்டு ஓர் ஆட்டமும் தோற்காமல் மாநிலப் பட்டம் பெற்றது. 1988இன் இறுதியாண்டுப் பையன்கள் அப்போது பள்ளியில் இல்லை. லீ பள்ளிக்குப் பிற்காலத்தில் லெகசி என்று பெயர் மாற்றினர். 1995இல் சட்டத்தைத் திருத்தி, ஆறு வாரத் தடையை மூன்று வாரமாகக் குறைத்தனர். 70 என்ற எண்ணை மாற்றவில்லை.