பழைய பிக்அப், வான்களில் ஓட்டோ கியர் பழுதானால்: பெட்டியைக் கழற்ற முன் பார்க்க வேண்டியவை

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும், வரியோடு சேர்ந்த விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டும் நிலையில் இல்லை. அதனால் இருபது, முப்பது வருடம் ஓடிய ஜப்பான் பிக்அப்புகளும் வான்களுமே இன்றும் வடக்கு, கிழக்கில் மீனும் மரக்கறியும் ஏற்றுகின்றன. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, கடன்பட்டு ஒரு வாகனம் வாங்கிய குடும்பத்துக்கு அதுவே தொழில். கியர் பெட்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும். லீசிங் தவணை நிற்காது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை ஓட வைத்த மெக்கானிக்குகள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டோ கியர் வேறு வகைப் பொறி. எல்லா கராஜ்களிலும் அதற்கான அனுபவம் இருக்காது. அதனால் உரிமையாளரும் சில அடிப்படை விடயங்களைத் தெரிந்திருப்பது நல்லது.

எப்படி வேலை செய்கிறது?

ஓட்டோ கியரில் ஒயில் வெறும் மசகு அல்ல; வேலை செய்வதே அந்த ஒயில்தான். எஞ்சினின் சக்தி, டோர்க் கன்வேர்ட்டருக்குள் சுழலும் ஒயில் மூலம் கியர் பெட்டிக்குப் போகிறது. பம்ப் கொடுக்கும் ஒயில் அழுத்தம் உள்ளே இருக்கும் கிளச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. அழுத்தம் குறைந்தால் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் சூடேறி எரியும். பெரும்பாலான பழுதுகளின் கதை இதுதான்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

டி அல்லது ஆர் போட்டபின் வாகனம் அசையத் தாமதிப்பது, எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறாதது, கியர் மாறும்போது பலமாக அடிப்பது, ரிவர்ஸ் மட்டும் வேலை செய்யாதது ஆகியவை முக்கிய அறிகுறிகள். வழுக்கத் தொடங்கிய வாகனத்தில் தொடர்ந்து பாரம் ஏற்றினால் சிறிய செலவு பெரிய செலவாகிவிடும்.

முதலில் ஒயில்

அளவுக் குச்சி உள்ள வாகனத்தைச் சற்றுத் தூரம் ஓடிச் சூடாக்கி, மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிறேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு நிலைக்கும் மெதுவாக மாற்றி மீண்டும் பி நிலைக்குக் கொண்டுவந்து, குச்சியில் சூடான ஒயிலுக்குரிய குறியைப் பாருங்கள்.

• சிவப்பாகத் தெளிந்திருந்தால் நல்லது. அளவு குறைந்திருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள்.
• கறுத்து, கருகிய மணம் வந்தால் கிளச் தட்டுகள் எரிந்திருக்கின்றன.
• பால் கலந்ததுபோல் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேற்றருக்குள் இருக்கும் ஒயில் கூலர் வெடித்திருக்கலாம், அல்லது மாரி வெள்ளத்தில் ஓடியபோது தண்ணீர் உட்புகுந்திருக்கலாம். இந்த நிலையில் வாகனத்தை ஓட்டவே கூடாது.

கையில் கிடைத்த ஒயிலை ஊற்ற வேண்டாம். பழைய ரொயோட்டா பெட்டிகள் பலவற்றுக்கு டெக்ஸ்ரோன் வகை, பின்னர் வந்தவற்றுக்கு டைப் டி-4 என்று மாதிரிக்கு மாதிரி வேறுபடும். குச்சியிலோ கைநூலிலோ எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒயில் மாற்றும்போது வெளியே வந்த அளவை அளந்து, அதே அளவை ஊற்றிப் பின்னர் குச்சியால் சரிபாருங்கள். கன்வேர்ட்டருக்குள் பெரும் பகுதி தங்கிவிடுவதால் முழு அளவையும் ஊற்றினால் மிஞ்சிவிடும்.

கழற்றாமலே தீரக்கூடிய பழுதுகள்

எக்சிலேற்றர் பக்கத்திலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் கேபிள் தளர்ந்தால், அந்த வகைப் பெட்டிகளில் ஒயில் அழுத்தம் குறைந்து வழுக்கும். அளவுக்கு மேல் இறுகினால் கியர் பிந்தி, அடித்து மாறும். அதைச் சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும்.

மின் கட்டுப்பாட்டுப் பெட்டியுள்ள பழைய ரொயோட்டாக்களில் ஓ.டி. ஓஃப் விளக்கு தானாக மினுங்கினால் பழுது பதிவாகியிருக்கிறது. எஞ்சினை இயக்காமல் சாவியைத் திருப்பி, ஓ.டி.யை ஓனில் வைத்து, சோதனை இணைப்பில் டி.ஈ.1, ஈ.1 முனைகளை வயரால் இணைத்தால் அந்த விளக்கு எண்ணைக் காட்டும். 42, 61 என்றால் வேக சென்சர்கள். 62, 63 என்றால் கியர் மாற்றும் சொலனொயிட்கள். முனை மாறினால் வேறு பழுது வரும் என்பதால், தெரிந்த எலெக்ரீசியனிடம் செய்வியுங்கள். இந்த எண்கள் வந்தால் முதலில் வயரையும் பிளக்கையும் பார்க்க வேண்டும்.

வழியில் நின்றால்

ஓட்டோ வாகனத்தைத் தள்ளி ஸ்ரார்ட் செய்ய முடியாது. எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடுவதால், இழுத்துச் செல்லும்போது பெட்டிக்குள் ஒயில் ஓடாது. பின் சில்லால் ஓடும் வாகனமென்றால் பின் பக்கத்தைத் தூக்கி இழுக்க வேண்டும், அல்லது புரொப்பெல்லர் சாஃப்ற்றைக் கழற்ற வேண்டும். நான்கு சில்லாலும் ஓடும் வாகனத்தை லொறியில் ஏற்றுவதே பாதுகாப்பு.

கராஜில் கேட்க வேண்டியவை

முதலில் அடித்தட்டைக் கழற்றி உங்கள் முன்னே காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது வழமை. உலோகத் துண்டுகளோ கறுத்த தட்டுத் துகள்களோ கிடந்தால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.

அதன்பின் இரண்டு வழிகள் உண்டு. கிளச் தட்டு, சீல்களை மாற்றிப் பெட்டியைத் திருத்தலாம். அல்லது கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் பாவித்த பெட்டி வாங்கலாம். பாவித்த பெட்டியென்றால் மாதிரி இலக்கமும் வயர் பிளக்கும் பொருந்துகின்றனவா, ஒயில் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

எந்த வழியானாலும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவ வேண்டும். பழைய பெட்டியின் துகள்கள் அங்கே தங்கியிருந்து புதியதையும் கெடுக்கும். கன்வேர்ட்டரும் பம்ப்பில் முழுமையாக அமர்ந்தபின்பே போல்ற்றுகளை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் உடையும். இந்த இரண்டையும் செய்வார்களா என்று கேளுங்கள். தெளிவான பதில் தராத கராஜில் வாகனத்தை விட வேண்டாம்.