ஆசிரியரை நாடிச் சென்ற மாணவர்

நிதித்துறை உத்தியோகத்திற்கு எந்தச் சர்வகலாசாலை உகந்ததென வினவும் நம்மவர்க்கு, யாம் வாரன் பஃபெட்டின் வரலாற்றையே எடுத்துரைப்போம்.

1950-இல் ஹார்வர்டு வணிகக் கலாசாலை அவரைச் சேர்க்க மறுத்தது. பின்னர், கொலம்பியாவின் பாட விவரப் புத்தகத்தில் பெஞ்சமின் கிரகாமின் பெயரைக் கண்டு, ஆங்கே சேர்ந்தார். கிரகாம் போதகர் மாத்திரமல்லர். நியூயார்க்கில் முதலீட்டு நிலையமொன்றும் நடத்தியவர்.

1951-இல் தேறிய பஃபெட், ஊதியமின்றியே உழைப்பதாகச் சொல்லியும் கிரகாம் இணங்கிலர். வால் ஸ்திரீட்டின் நிலையங்கள் பல யூதர்க்குக் கதவடைத்திருந்தமையால், தம் நிலையத்து இடங்களைத் தம்மினத்தார்க்கே அவர் ஒதுக்கியிருந்தாராம். அச்செய்கையை யாம் குறைகூறோம்.

ஊர் திரும்பியும் பஃபெட் ஆசிரியரோடு கடிதத் தொடர்பை விட்டாரில்லை. 1954-இல் அழைப்பு வந்தது. சம்பளம் எவ்வளவென்று கேளாமலே புறப்பட்டார்.