அப்பாவுக்குப் பிடித்த இங்கிலீஷ் காய்

புரட்டாசி பாதி ஓடிவிட்டது. தில்லியில் விடியற்காலையில் ஃபேனை ஒரு பாயிண்ட் குறைக்கும் அளவுக்குக் காற்று மாறியிருக்கிறது. வங்கிக் குடியிருப்பின் பின்பக்கம் இருக்கும் துளியூண்டு மண்ணை நேற்று கொத்திவிட்டேன். மக்கிய சாணி ரெண்டு கூடை போட்டாயிற்று. நாற்று மேடையில் காலிஃபிளவர் நாலு இலை விட்டு நிற்கிறது. மஹாளய அமாவாசை தாண்டியதும் பிடுங்கி நட வேண்டும்.

ஊரில் இருந்து வந்த புதிதில் எனக்கு இந்தக் காலக்கணக்கு பிடிபடவே இல்லை. நமக்கு ஆடிப்பட்டம் தேடி விதைத்துத்தான் பழக்கம். ஐப்பசி, கார்த்திகை என்றால் நம் பக்கம் கூதிர் காலம்: அடைமழை, கொல்லையில் கால் வைக்க முடியாத சேறு. வட இந்தியாவில் அதே மாதங்கள் சரத் ருது. மழை விலகி, வானம் கழுவிவிட்டது போல நீலமாகி, வெயில் இதமாகி, வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு வருஷமே அப்போதுதான் ஆரம்பிக்கும். முள்ளங்கி, கேரட், பாலக், வெந்தயக்கீரை, பட்டாணி எல்லாம் தசராவை ஒட்டி மண்ணுக்குள் போகும்.

இது தெரியாமல் ஒரு வருஷம் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். (கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சில வருஷங்களுக்கு முன்னால் சஹாரன்பூருக்கு மாற்றல். வாடகை வீட்டைச் சுற்றி நல்ல இடம். பி.காம். படித்தவனுக்கு விவசாயம் என்ன தெரியும்? ஆடி மாதம் பிறந்ததும் கடையில் ஒரு பாக்கெட் காலிஃபிளவர் விதை வாங்கித் தூவினேன். செடி வந்தது, இலை வந்தது, இன்னும் இலை வந்தது. கார்த்திகை முடியும் வரை இலைதான்! பக்கத்து வீட்டுக்கு வந்துபோகும் வயதான மாலி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாபுஜி, கோபிக்கு மாசம் உண்டு. நீங்க போட்டது குளிர் மாசத்து விதை. ஆறு மாசம் இலை சாப்பிடுங்க" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று பிறகுதான் புரிந்தது. இங்கே காலிஃபிளவர் ரகங்களை மாதப் பெயரால்தான் பிரிக்கிறார்கள். கார்த்திக் மாதத்தில் பூ விடுவது கத்கி. அதற்கு அடுத்தது அகனி, பிறகு பூசி, கடைசியில் மாகி. (இவர்களுடைய கார்த்திக் மாதம் நம் கணக்கில் பெரும்பாலும் ஐப்பசி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதிலும் ஒருமுறை ஏமாந்தேன்.) முன்பட்ட ரகத்தைத் தாமதமாக நட்டால் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூ விட்டு நின்றுவிடும். பின்பட்ட ரகத்தை முன்னாலேயே நட்டால் என் தோட்டம் மாதிரி இலைக்காடு.

ஐரோப்பாவில் இருந்து வந்த ஒரு காய்க்கு எப்படி கார்த்திக் என்றும் மாகி என்றும் பெயர் வந்தது? இந்தக் கேள்விதான் என்னைச் சரித்திரத்துக்குள் இழுத்தது.

சஹாரன்பூரில் கம்பெனி பாக் என்று ஒரு பெரிய தோட்டம் இருக்கிறது. 1750 வாக்கில் ஃபர்ஹத் பக்ஷ் என்ற பெயரில் அமைந்தது. 1817ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் தன் தாவரவியல் தோட்டமாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே 1787ல் கல்கத்தா அருகே சிப்பூரில் ராபர்ட் கிட் ஒரு தோட்டம் தொடங்கியிருந்தார். 1820ல் வில்லியம் கேரி கல்கத்தாவில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தை ஆரம்பித்தார். வெளிநாட்டு விதைகளை வரவழைத்துக் கொடுப்பது, கண்காட்சி வைத்து நல்ல காய் விளைவித்த உள்ளூர்த் தோட்டக்காரர்களுக்குப் பரிசு தருவது எல்லாம் அந்தச் சங்கத்தின் வேலைகள்.

காலிஃபிளவர் 1822ல் லண்டன் கியூ தோட்டத்தில் இருந்து சஹாரன்பூருக்கு வந்தது, கொண்டுவந்தவர் அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் ஜெம்சன் என்று தோட்டக்கலைப் புத்தகங்கள் எழுதுகின்றன. நமக்கு வவுச்சர் பார்க்கும் புத்தி போகுமா? பொறுப்பாளர்களின் வரிசையைப் பார்த்தேன். முதல் கண்காணிப்பாளர் ஜார்ஜ் கோவன். 1823ல் ஃபோர்ப்ஸ் ராயில். அவருக்குப் பின் ஃபால்கனர். வில்லியம் ஜேம்சன் வருவது 1842ல்தான். ஆக பெயரும் வருஷமும் ஒரே பதிவில் ஒட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி என்று வைத்துக்கொண்டால் கணக்கு இடிக்காது.

கொண்டுவந்தவர் பெயருக்காகவாவது இப்படிச் சண்டை போட முடிகிறது. அடுத்து நடந்ததற்கு யார் பெயருமே கிடையாது.

இங்கிலாந்தின் காலிஃபிளவர் குளிர் நாட்டுச் செடி. பூ கட்டுவதற்கும் குளிர் வேண்டும், மறுபடி விதை பிடிப்பதற்கும் குளிர் வேண்டும். கங்கைச் சமவெளியில் அது லேசில் விதை தராது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869ல். அதுவரை ஆப்பிரிக்காவைச் சுற்றி மாசக்கணக்கில் கப்பலில் வரும் விதையில் எத்தனை முளைக்கும்? துரைமார் வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்த மாலிகளும், சைனி, காச்சி, கோயிரி என்று காய்கறி விளைவிப்பதையே குலத்தொழிலாகச் செய்த குடும்பங்களும் ஒரு வேலை செய்தார்கள். நூறு செடியில் ஒன்றோ இரண்டோ வெயிலைத் தாங்கி விதை பிடிக்கும். அந்த விதையை எடுத்துவைத்து அடுத்த வருஷம் விதைத்தார்கள். அதில் எது சீக்கிரம் பூ விட்டதோ, அதன் விதையை மறுபடி எடுத்துவைத்தார்கள். அப்பா, மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக.

1929ல் கல்கத்தாவில் இருந்த சட்டன் விதை நிறுவனம் முதல்முறையாக நான்கு இந்திய ரகங்களைத் தன் விலைப்பட்டியலில் போட்டது. அவற்றின் பெயர்களில் பனாரஸும் பாட்னாவும் இருந்தன. சுமார் நூறு வருஷத்தில் கியூ தோட்டத்துச் செடி பனாரஸ்காரனாகிவிட்டது! ஸ்நோபால் போன்ற ஐரோப்பிய ரகங்கள் பூ கட்ட 10லிருந்து 16 டிகிரி குளிர் கேட்கும். நம் முன்பட்ட ரகங்களுக்கு 20லிருந்து 27 டிகிரியே போதும். தாவர நூல்களில் இன்று 'இந்தியக் காலிஃபிளவர்' என்று தனி வகையாகவே குறிக்கிறார்கள். இதன் விதை சமவெளியிலேயே விளையும். ஸ்நோபால் விதைக்கு இன்றும் குலு பள்ளத்தாக்கு மாதிரி மலைப் பிரதேசத்துக்குத்தான் போக வேண்டும்.

விதைப் பாக்கெட்டில் 'பூசா கத்கி', 'பூசா தீபாலி' என்று பார்த்திருப்பீர்கள். பூசா என்பது பீகாரில் ஒரு ஊர். 1905ல் அங்கே வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமாக, 1936ல் தில்லிக்கு மாற்றினார்கள். ஊர் மாறியும் பெயரை விடவில்லை. மாற்றலில் வந்தவர்கள் ஊர்ப் பெயரை இனிஷியலில் வைத்துக்கொள்வது மாதிரிதான்.

இனி, இதையெல்லாம் நான் ஏன் தோண்டினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த சஹாரன்பூர் இலைக்காடு தை மாதத்தில் ஒருவழியாகப் பூ விட்டது. அப்போதுதான் அப்பா வந்திருந்தார். வாழ்நாள் முழுக்க வாழைக்காயும் கத்தரிக்காயுமாகச் சாப்பிட்டவர். தோட்டத்தில் பறித்த பூவைத் துருவி, இஞ்சி சேர்த்து, கோபி பராத்தா போட்டுக் கொடுத்தாள் என் மனைவி. "இன்னொண்ணு போடும்மா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஃபோனில் பேசும்போதெல்லாம் "கோபி வந்துடுத்தா?" என்பதுதான் முதல் கேள்வி.

அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. திதி தை மாதம். தோட்டத்தில் காலிஃபிளவர் பந்து பந்தாக நிற்கும் நேரம். ஆனால் திதிச் சமையலில் இங்கிலீஷ் காய் கூடாது. கோஸ், கேரட், பீன்ஸ், உருளை, தக்காளி எதுவும் ஆகாது. மிளகாய்க்குப் பதில் மிளகு. முதல் வருஷம் நான் அம்மாவிடம் வாதாடிப் பார்த்தேன். "அப்பாவுக்குப் பிடிச்சதைத்தானே பண்ணணும்?" என்றேன். அம்மா பதில் சொல்லாமல் வாழைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கோபத்தோடுதான் ஆராய ஆரம்பித்தேன். போகப் போக அந்தச் சமையல் பட்டியலே ஒரு பழைய பேரேடு என்று புரிந்தது. மிளகாயும் தக்காளியும் உருளையும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498ல் வாஸ்கோ ட காமா வந்ததற்குப் பிறகு கப்பல் ஏறி வந்தவை. திதி இலையில் அவை இல்லை. நம் முன்னோர் அதற்கு முன் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதை வருஷத்துக்கு ஒரு நாள் அடுப்பில் எழுதிக்காட்டுகிறார்கள். அது எத்தனை பெரிய விஷயம்! ஒரு புத்தகமும் இல்லாமல் பாட்டிகள் காப்பாற்றி வைத்த சரித்திரம்.

ஆனால் அந்தப் பேரேட்டிலும் தவறான வரவு உண்டு. பல வீடுகளில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மஞ்சள் பூசணியும் திதிக்குத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். இரண்டுமே அமெரிக்காவில் இருந்து வந்தவைதான். சீக்கிரம் வந்து நம் கொல்லையில் படர்ந்துவிட்டதால் யாரும் ஊர் கேட்கவில்லை. காலிஃபிளவர் துரையின் வாசல் வழியாக வந்ததால் இன்னும் இங்கிலீஷ்காரன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். மாலிகள் நூறு வருஷம் விதை சேர்த்த கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அதெல்லாம் சரிடா. இன்னும் நூறு வருஷம் போகட்டும், உன் பேரன் பண்ணட்டும். எனக்குத் தெரிஞ்சதை நான் மாத்தமாட்டேன்" என்றாள். யோசித்துப் பார்த்தால் மாலி செய்ததும் அதுதானே? கையில் கிடைத்ததைக் கெடாமல் அடுத்த கைக்குக் கொடுப்பது.

போன தை மாதம் திதி முடிந்த மறுநாள் காலை. அம்மா தானே தோட்டத்தில் இறங்கி, மூட்டு வலியோடு குனிந்து, இருப்பதிலேயே பெரிய பூவாகப் பார்த்து அறுத்துக்கொண்டு வந்தாள். உப்புத் தண்ணீரில் போட்டுப் புழு பார்த்து, தேங்காய் போட்டுப் பொரியல் பண்ணினாள். எங்கள் யாருக்கும் பரிமாறவில்லை. முதலில் ஒரு பிடி சாதத்தில் பொரியலைக் கலந்து எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

"கா... கா..."

இந்த வருஷம் நாற்று நடும்போது நாலு செடி கூடுதலாக நடப்போகிறேன். ஒன்றை அறுக்காமல் விதைக்கு விட்டுப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை. இந்திய ரகம்தான், தில்லி வெயில் தாங்கும். விதை பிடித்தால் வந்து சொல்கிறேன்.