காட்டு ரோட்டில் சைக்கிள்: புக்கிட் புத்துஸ் முதல் கெமாஸ் வரை

 

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில நம்ம ஆலய வாசல்ல பத்துப் பதினைஞ்சு சைக்கிள் நிக்கிறத பலர் பார்த்திருப்பீங்க. நம்ம இளைஞர்கள்தான். அம்மனுக்கு விளக்கு வச்சதும் திருநீறு பூசிக்கிட்டு கெளம்பிடறாங்க. "காட்டுப் பக்கம் ஏன்டா போறீங்க, ஸ்டேடியத்துல ஓட்டக் கூடாதா?"ன்னு அம்மாமார்கள் கேக்கறாங்க. நியாயமான கேள்வி. அதே சமயம், அந்தக் காட்டு ரோடுகளுக்கு ஒரு வரலாறு இருக்கு. ஓட்டுற பிள்ளைங்களுக்கும் தெரியல, திட்டுற பெத்தவங்களுக்கும் தெரியல. அதனாலதான் இந்த வாரம் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

சுங்கை காடுட்டிலேர்ந்து சைக்கிள்காரங்க அதிகமா போறது புக்கிட் புத்துஸ். சிரம்பான், பாரோய் தாண்டி கோலப்பிலா போற வழி. இப்ப அகலமான புது ரோடு வந்துட்டதால காடியும் லோரியும் அதுல போயிடுது. பழைய ரோடு வளைஞ்சு வளைஞ்சு, ரெண்டு பக்கமும் மரம் மூடி, நிழலா கிடக்கு. மேலே ஏறி அந்தப் பக்கம் போனா உலு பெண்டுல் ஆறு. 825 மீட்டர் உயரமுள்ள குனோங் அங்சிக்கு நடந்து ஏறுறவங்களும் அங்கேருந்துதான் தொடங்குறாங்க.

"புத்துஸ்"னா அறுந்தது, துண்டானதுன்னு அர்த்தம். சுங்கை ஊஜோங் ஒரு பக்கம், ஸ்ரீ மெனாந்தி ஒரு பக்கம், நடுவுல இந்தக் கணவாய். இதைப் பிடிச்சவன் கையில ரெண்டு பக்கத்துப் போக்குவரத்தும் இருக்கும். 1875 டிசம்பர்ல யாம் துவான் அந்தாவோட ஆளுங்க இதைப் பிடிச்சு, மரக்கோட்டை கட்டி வெள்ளைக்காரனை மறிச்சாங்க. வெளியே மூங்கில் வேலி, உள்ளே துப்பாக்கி நீட்ட ஓட்டை விட்ட மரக்கட்டை வீடு, ரெண்டடி கனத்துக்குக் குறுக்கே அடுக்கிய மரங்கள். நேரா போய் மோதியிருந்தா நிறைய உயிர் போயிருக்கும்.

டிசம்பர் 20 பிற்பகல், கேப்டன் சான்னர்ங்கிறவர் ஒரு சின்னக் கூர்க்கா குழுவோட உளவு பார்க்கத்தான் அனுப்பப்பட்டார். காட்டுக்குள்ள சுத்திப் போய்க் கோட்டைக்குப் பின்பக்கமே வந்துட்டார். உள்ளே இருந்தவங்க சோறாக்கிக்கிட்டு இருந்தாங்க, காவலுக்கு ஆள் நிக்கல. பேச்சுச் சத்தம் காதுல விழுற தூரம். சத்தமில்லாம நெருங்கி, வேலியைத் தாண்டி முதல் ஆளா உள்ளே குதிச்சார். கோட்டை விழுந்தது. அதுக்காக அவருக்கு விக்டோரியா சிலுவை கிடைச்சது. பிரிட்டிஷ் இராணுவத்துல அதுக்கு மேல வீர விருது கிடையாது. நம்ம பிள்ளைங்க மூச்சு வாங்க மிதிக்கிற அந்த மேடு இதுதான்.

தோத்துப் போன அந்தா என்ன ஆனார்னு கேட்பீங்க. மறு வருஷமே வெள்ளைக்காரன் அவரோட சமாதானம் பேசி, ஸ்ரீ மெனாந்திக்கு ஆட்சியாளரா ஏத்துக்கிட்டான். அவரோட பேரன் துவாங்கு அப்துல் ரஹ்மான், 1957-ல மலாயாவின் முதல் மாமன்னர் ஆனார். நம்ம ரிங்கிட் நோட்டுல இருக்கிற முகம் அவருடையது. வாராவாரம் நம்ம உண்டியலை எண்ணும்போது நாங்க அடுக்கி வைக்கிற முகம். புக்கிட் புத்துஸ்ல தோத்தவரோட வம்சம் அது.

அடுத்த வழி புக்கிட் தாங்கா. சிரம்பான்லேர்ந்து ஜெராம் தோய் அருவியைத் தாண்டி கோல கிளாவாங் இறங்குறது. "தாங்கா"ன்னா ஏணி, படி. பேரே சொல்லிடுது, முழங்கால் வலி உள்ளவங்களுக்குச் சரிப்படாது. அங்கேருந்து கெந்திங் பெராஸ் மலை வழியா உலு லங்காட் போயிடலாம். கோலாலம்பூர் சைக்கிள்காரங்க அந்தப் பக்கத்துலேர்ந்து வந்து இந்தப் பக்கத்துல தே தாரிக் குடிச்சிட்டுத் திரும்புறதும் உண்டு.

மூணாவது வழிதான் நாங்க முக்கியமா சொல்ல வந்தது. ரெம்பாவ், தம்பின் தாண்டி கெமஞ்சே, கெமாஸ் போற ரோடு. பழகினவங்க மட்டும்தான் போவாங்க, ஒரு வழிக்கே 80 கிலோமீட்டருக்கு மேல வரும்.

1941 டிசம்பர் 8 கோத்தா பாருல ஜப்பான்காரன் இறங்கினான். 70 நாள்ல சிங்கப்பூர் விழுந்துச்சு. அவ்வளவு வேகத்துக்குக் காரணம் டாங்கியும் விமானமும் மட்டுமில்ல, சைக்கிள்! ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் சைக்கிள்லதான் வந்தாங்க. பாலத்தை உடைச்சு வச்சா லோரி நிக்கும், டாங்கி நிக்கும். சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆத்தைக் கடந்துடுவாங்க. போதாததுக்கு இங்க ஊர் ஜனங்க சைக்கிளையும் பிடுங்கிக்கிட்டாங்க. டயர் வெடிச்சா கழட்டி எறிஞ்சிட்டு வெறும் ரிம்முல ஓட்டினாங்க. ராத்திரியில அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருதுன்னு எதிர்ப்பக்கம் பயந்த கதையும் உண்டு.

கோலாலம்பூர் 1942 ஜனவரி 11 விழுந்தது. மூணு நாள் கழிச்சு, 14-ஆம் தேதி சாயங்காலம் நாலு மணி வாக்குல, கெமாஸுக்கு முன்னால இருக்கிற கெமஞ்சே பாலத்துக்கு ஜப்பான் சைக்கிள் படை வந்தது. அஞ்சாறு பேர் வரிசையா, பேசிச் சிரிச்சுக்கிட்டு, துப்பாக்கியைச் சைக்கிள்ல கட்டி வச்சிக்கிட்டு வந்தாங்க. ரோட்டோரக் காட்டுக்குள்ள ஆஸ்திரேலியாவோட 2/30 படைப்பிரிவு ஒளிஞ்சிருந்தது. முதல்ல வந்த கூட்டத்தை விட்டுட்டாங்க. பாலத்து மேலயும் ரோட்டுலயும் ஆள் நிறைஞ்சதும் பாலத்தை வெடிச்சாங்க. அப்புறம் ஏறக்குறைய இருபது நிமிஷம் சுட்டாங்க. கட்டி வச்ச துப்பாக்கியை அவிழ்க்கக்கூட பலருக்கு நேரமில்ல. பின்னால இருந்த பீரங்கிப் படைக்குப் போன டெலிபோன் கம்பி அறுந்து போனதால பீரங்கி மட்டும் சுடல. ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான். பழைய பாலத்தோட மிச்சமும் நினைவுச் சின்னமும் இன்னைக்கும் அங்க இருக்கு. போற பிள்ளைங்க பத்து நிமிஷம் இறங்கி நின்னுட்டு வாங்க.

ஆஸ்திரேலியாக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் நடந்த சண்டையில நமக்கென்ன வந்ததுன்னு நினைக்காதீங்க. அந்தச் சைக்கிள் போன பிறகுதான் நம்ம தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க வந்தாங்க. சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் தண்டவாளத்தை 1942 நடுவுலேர்ந்து 1943 அக்டோபருக்குள்ள போட்டு முடிச்சாங்க. கெமாஸ்ல பிரிஞ்சு போற கிழக்குக்கரைப் பாதையிலேயே தண்டவாளத்தைப் பிடுங்கி அங்க கொண்டு போனாங்க. மனுசங்களையும் அப்படித்தான் பிடுங்கினாங்க. பால்மரம் வெட்டிக்கிட்டு இருந்தவங்க, கல்யாணம் ஆகி மாசம் ஆகாதவங்க, சாமான் வண்டியில ஏத்தினா ஏத்தினதுதான். காலராவுலயும் மலேரியாவுலயும் பசியிலயும் பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டுல போய்ச் சேர்ந்தாங்க. செத்த சிப்பாய்களுக்குக் காஞ்சனாபுரியில வரிசையா கல்லறை இருக்கு, பெரும்பாலானதுல பேர் இருக்கு. நம்ம ஆளுங்க பேரை எங்க போய்ப் படிக்கிறது?

யுத்தம் முடிஞ்சும் சைக்கிளுக்கு நிம்மதி இல்ல. 1948-லேர்ந்து 1960 வரைக்கும் அவசரகாலம். பெரட்டு முடிஞ்சு வெட்டுக்குப் போற தொழிலாளி காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்கு அரிசி கொண்டு போறானான்னு கேட்டுல சோதனை. தூக்குச்சட்டி மட்டுமில்ல, சைக்கிள் பம்பு, சட்டத்துக் குழாய் வரைக்கும் பார்ப்பாங்க. காட்டோரம் சும்மா சைக்கிள் ஓட்டுறதுன்னு ஒண்ணு அந்தக் காலத்துல யாரும் நினைச்சுப் பார்த்திருக்க முடியாது. இன்னைக்கு நம்ம பிள்ளைங்க தலைக்கவசமும் பளபளன்னு சட்டையும் போட்டுக்கிட்டு அதே காட்டோரம் வேடிக்கையா ஓட்டுறாங்கன்னா, எங்களுக்குச் சந்தோஷம்தான். செலவைப் பத்தி மட்டும் பேச்செடுக்காதீங்க. எங்க பேக்டரி ஆபரேட்டர் ஒரு மாசச் சம்பளம் அந்தச் சைக்கிளுக்குப் பத்தாது.

பெத்தவங்க பயத்தையும் நாங்க ஒதுக்கல. 2017 பிப்ரவரி 18 விடியக்காலை ஜொகூர் பாருல சைக்கிள் ஓட்டின 8 பிள்ளைங்க காடி மோதி செத்ததை யார் மறக்க முடியும்? அதனால ஆலயத்துலேர்ந்து கெளம்புற பிள்ளைங்களுக்குச் சில ஏற்பாடு செஞ்சிருக்கோம். முன்னும் பின்னும் விளக்கு இல்லாத சைக்கிள் வாசலைத் தாண்டாது. பிரேக்கைக் கழட்டின சைக்கிளுக்கு இடமே இல்ல. ஒரு தொண்டர் மோட்டார்ல கூடவே வருவார். புக்கிட் புத்துஸ் இறக்கத்துல ஈரமா இருந்தா இறங்கித் தள்ளிக்கிட்டு வரணும், வெக்கப்பட ஒண்ணுமில்ல.

இன்னொரு வேண்டுகோள். சயாமுக்குப் போய்த் திரும்பாதவங்க ஒருத்தராவது உங்க குடும்பத்துல இருக்கலாம். தாத்தாவோட அண்ணன், பாட்டியோட முதல் வீட்டுக்காரர், இப்படி. செத்த தேதி தெரியாததால திதி கொடுக்காமலே விட்டிருப்பீங்க. தேதி தெரியாதவங்களுக்கும் அமாவாசையில கொடுக்கலாம். வர்ற ஆடி அமாவாசைக்கு நம்ம ஆலயத்துல எல்லாருக்கும் சேர்த்து தர்ப்பணம் வைக்கப் போறோம், அன்னைக்கு அந்தப் பேர்களை ஒவ்வொண்ணா வாசிப்போம். வீட்டுப் பெரியவங்களை இந்த வாரமே கேளுங்க. எண்பது தொண்ணூறு வயசுக்காரங்க இன்னும் எத்தனை பேர் நம்மகிட்ட இருக்காங்க! பேர், எந்தத் தோட்டம், யாரோட மகன், இது போதும். முழுப் பேர் தெரியலன்னா கூப்பிட்ட பேரையே எழுதுங்க. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் மடப்பள்ளிக்குப் பக்கத்து மேசையில நோட்டுப் புத்தகம் இருக்கும். இதுவரைக்கும் ஏழு பேர் எழுதியாச்சு.